மாத்திரை தராத கம்பவுண்டர்

அமுதா, சேகர், இது உங்கள் இரண்டு பேருக்கும்.

போன மாதம் உங்கள் அம்மா முட்டி வலி என்று சொன்ன அன்றைக்கே சேகர் கடைக்குப் போய் ஓர் அட்டை வலி மாத்திரை வாங்கி வந்தான். நான் அதை எடுத்து பீரோவின் மேல் போட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் மாத்திரை குடுத்த கை. சொந்த சம்சாரத்துக்கு ஒண்ணு குடுக்க கசக்குதா?" என்று கேட்டான். அமுதா சிரித்தாள். அதற்குப் பிறகு அம்மா தினமும் காலையில் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்துவதும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதும் உங்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. வேடிக்கை பாருங்கள், பரவாயில்லை. அம்மா இப்போது பழையபடி மாடிக்கு ஏறித் துணி காயப்போடுகிறாள். ஆனால் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்களுக்குச் செல்போன் வந்துவிடும். அதனால் நோட்டில் எழுதி வைக்கிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் அமுதா திருத்திக்கொள்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதாம் வருஷம் நான் மளிகைக் கடை வேலையை விட்டுவிட்டு டாக்டர் சகுந்தலா அம்மாவின் கிளினிக்கில் சேர்ந்தேன். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதல் இரண்டு வருஷம் தரையைக் கூட்டினேன், ஊசி கொதிக்க வைத்தேன், சீட்டுப் படிக்கப் பழகினேன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த கை என்பதால் மாத்திரைப் பொட்டலம் சுலபமாக வந்தது. மூன்றாவது வருஷம் மருந்து கொடுக்கும் ஜன்னல் எனக்கு வந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

டாக்டர் அம்மா பார்க்கும் விதம் தனி. நோயாளிக்கு உயரமான நாற்காலி, அவருக்குச் சின்ன முக்காலி. முட்டி அவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். உள்ளங்கையை முட்டியின் மேல் பதித்து, காலை மெதுவாக மடக்கி நீட்டச் சொல்வார். "கோபாலு, இங்க கை வெச்சுப் பாரு. அரிசி களையுற மாதிரி கேக்குதா?" என்பார். கேட்கும். பிறகு நாற்காலியிலிருந்து மூன்று தடவை எழுந்து உட்காரச் சொல்வார். அதன் பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

ஆனால் அப்படிப் பார்ப்பது முதல் தடவை மட்டும்தான். கூட்டம் அதிகம். அதனால் எங்கள் கிளினிக்கில் 'பழைய சீட்டு' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தடவை பார்த்தவர்கள் அதே சீட்டை என் ஜன்னலில் நீட்டினால் போதும். நான் அதே மாத்திரையைக் கொடுத்து, சீட்டின் முதுகில் ஒரு டிக் போடுவேன். டாக்டர் அம்மாவுக்கு நேரம் மிச்சம், அவர்களுக்குக் காத்திருப்பு மிச்சம், எனக்கு நல்ல பெயர். ஜன்னலில் கை நீண்டால் என் கை தானாகவே பாட்டிலுக்குப் போகும்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பச்சையம்மா என்று ஒருவர் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்கிற பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி. இரண்டு முட்டியும் தேய்மானம். மூன்று வருஷம் என் ஜன்னலில் சிவப்பு மாத்திரை வாங்கினார். "தம்பி, நீ குடுக்கற செவப்பு மாத்திரைதான் எனக்கு ரெண்டு காலு" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய் அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மகன் ஏழுமலை தனியாக வந்தான். முகம் வெளிறியிருந்தது. "அம்மா ரத்தமா வாந்தி எடுத்துச்சுங்க. வேலூருக்கு கொண்டு போனோம். வயித்துல புண்ணாம். வலி மாத்திரை சாப்ட்டதாலதான்னு சொன்னாங்க. பொழைச்சுக்குச்சு. இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காதுன்னுட்டாங்க."

டாக்டர் அம்மா அந்தப் பழைய சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகு முழுக்க என் டிக். இடம் போதாமல் நானே ஒரு வெள்ளைத் தாளைப் பசை தடவி ஒட்டி, அதிலும் டிக் போட்டிருந்தேன். அந்தத் தாளும் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"யாரு ஒட்டினது?"

"நான்தாம்மா."

"நல்லா ஒட்டியிருக்க."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போது மட்டும், "கையெழுத்து என்னுது, பசை உன்னுது. ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம் கோபாலு" என்றார். நான் அன்று சாப்பிடவில்லை என்று உங்கள் அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அதன் பிறகு டாக்டர் அம்மா சென்னைக்குப் போய் இரண்டு வாரம் ஏதோ பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். ஒரு பை நிறையக் காகிதம். என்னை உட்கார வைத்து விளக்கினார். "வலிய கொறைக்கறது ஒரு வைத்தியம். வலி வந்தா ஒரு ஆளு இன்னா நெனைக்கறாங்க, இன்னா செய்றாங்க, அதை மாத்தறது இன்னொரு வைத்தியம். முட்டி தேஞ்சவங்க நல்ல நாள்ல ஜாஸ்தி வேலை செய்றாங்க. மறுநாள் படுத்துக்கறாங்க. படுக்கப் படுக்க தொடை சதை கரையுது. சதை கரைஞ்சா முட்டிக்கு இன்னும் பாரம். பயம் வந்துடுது. பயந்தா இன்னும் படுக்கறாங்க. நடுவுல நாம மாத்திரைய போடறோம். இனிமே நல்ல நாள்ல ஜாஸ்தியும் வேணாம், கெட்ட நாள்ல கம்மியும் வேணாம். மாத்திரைய வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கணும், அந்த எடத்துல பழக்கத்த ஏத்தணும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு முட்டி வகுப்பு. மாடியில் ஹால் காலியாக இருந்தது. பெஞ்சு துடைத்துப் போட்டு, மின்விசிறிக்கு எண்ணெய் விட்டு, பானையில் தண்ணீர் வைத்து மேலே காத்திருந்தேன். மூன்றே கால் ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. கீழே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், பதினோரு பேர் படிக்கட்டின் அடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓய்வு பெற்ற சாமிநாத வாத்தியார் அண்ணாந்து, "ஏம்பா கோபாலு, மேல ஏற முடிஞ்சா நாங்க எதுக்குடா இங்க வரோம்?" என்றார்.

டாக்டர் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தார். அன்று முதல் வகுப்பு ஸ்கூட்டர் கொட்டகையில்தான் நடந்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு. வலி பத்துக்கு எவ்வளவு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மனதில் என்ன ஓடியது, இந்த மூன்றையும் கேட்டு எழுதுவது என் வேலை. இதிலும் வேடிக்கைதான். வாத்தியார் 'ஒன்பது' என்பதைப் பரீட்சை மார்க் போல நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். ஒரு அம்மாள் நடக்கவே முடியாமல் வந்து, "ரெண்டுன்னு போடுப்பா. ஜாஸ்தி சொன்னா டாக்டரம்மா மனசு கஷ்டப்படும்" என்பார். வெள்ளிக்கிழமை என்றால் யாருக்கும் ஐந்துக்கு மேல் போகாது. ஏன் என்று விசாரித்தால், "வெள்ளிக்கெழமை அதுவுமா நோவு ஒம்போதுன்னு வாயால சொல்லலாமா?" என்றார்கள். டாக்டர் அம்மா யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமை வகுப்பை வியாழனுக்கு மாற்றினார். வியாழக்கிழமை எல்லோருக்கும் உண்மையான வலி வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பச்சையம்மா வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நேராக ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார்.

"செவப்பு மாத்திரை குடு."

"அது உங்களுக்கு ஆவாதும்மா."

"மூணு வருசமா ஆச்சு. இப்ப மட்டும் ஆவாதா?"

நான் சிவப்பு மாத்திரைப் பாட்டிலை மேசைக்கு அடியில் இறக்கி வைத்தேன்.

டாக்டர் அம்மா அவரை உள்ளே அழைத்து முக்காலியில் உட்கார்ந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "முட்டி நோவாம இருந்தா இன்னா செய்வீங்க?" என்றார்.

"தூங்குவேன்."

"அப்புறம்?"

"மல்லாட்டை ஆயப் போவேன்."

"அப்புறம்?"

பச்சையம்மா சேலையை இழுத்து முட்டியை மூடினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "குப்புகூட மலை சுத்துவேன்" என்றார்.

குப்பு அவருடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. இவர்கள் வகையறாவே பௌர்ணமிக்குச் சேர்ந்து கிரிவலம் போகும். கடைசியாகப் போனபோது பச்சையம்மா வழியில் உள்ள எட்டு லிங்கங்களில் மூன்றாவதான எமலிங்கத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்து, ஆட்டோவில் திரும்பிவிட்டார். குப்பு ஊருக்குப் போய், "எமலிங்கத்துல எங்க அக்காவ எமனே வேணாம்னு திருப்பி அனுப்பிட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டாள்.

டாக்டர் அம்மா நோட்டின் முதல் பக்கத்தில் நோயின் பெயர் எழுதவில்லை. 'குப்புவுடன் மலை சுற்றுவது' என்று எழுதினார். பச்சையம்மா போன பிறகு என்னிடம் சொன்னார்: "நாம தோத்தா இவங்க பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போவாங்க. கேட்டா எவனும் ஒரு அட்டை குடுப்பான். அடுத்த தடவை வேலூர் போய்ச் சேர நேரம் இருக்காது. மத்தவங்களுக்கு கொஞ்சம் கொஞ்சமா எறக்கலாம். இவங்களுக்கு ஒண்ணுகூட கெடையாது. ரொம்ப முடியலைன்னா காய்ச்சலுக்கு குடுக்கற சாதா மாத்திரை மட்டும்."

அதைப் பச்சையம்மா மதிக்கவே இல்லை. "காய்ச்சலா வந்துது எனக்கு?"

வைத்தியம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்தி விட வேண்டும். காலை பத்து, மாலை பத்து. அடுத்தது நடை. எத்தனை நிமிஷம் நடந்தால் வலி தொடங்குகிறது என்று முதலில் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். ஐந்து நிமிஷம். அப்படியானால் நான்கு நிமிஷம்தான் நடக்க வேண்டும். வலி வராவிட்டாலும் உட்கார்ந்துவிட வேண்டும். வாராவாரம் ஒரு நிமிஷம் கூட்டலாம். "வலி சொல்லி உக்காரக் கூடாது, கடிகாரம் சொல்லித்தான் உக்காரணும்" என்பது டாக்டர் அம்மாவின் சட்டம். உட்கார்ந்ததும் நெற்றி, தாடை, தோள், தொடை என்று வரிசையாகத் தளர்த்தி மூச்சை நீளமாக விட வேண்டும்.

பச்சையம்மாவின் நோட்டில் 'மனதில் ஓடியது' என்ற இடத்தில் ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வரும்: "முட்டி தேஞ்சு போச்சு, இனிமே அவ்ளோதான்." அதற்குப் பதிலாக "வலி வரும், போகும்" என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார் டாக்டர் அம்மா. "இது சினிமா வசனம் மாதிரி கீதும்மா" என்று பச்சையம்மா ஒதுக்கிவிட்டார். மறுவாரம் தானே ஒன்று கொண்டுவந்தார்: "தேஞ்ச செருப்ப போட்டுக்கிட்டே எவ்ளோ தூரம் நடந்திருக்கேன்." டாக்டர் அம்மா அதைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.

ஏழுமலைக்கும் வேலை உண்டு. "அம்மா மொனகும்போது ஓடாத. நடந்துட்டு வரும்போது ஓடிப் போய் தண்ணி குடு" என்றார் டாக்டர் அம்மா. அவன் மறுநாளிலிருந்து மோட்டார் கொட்டகை வரை சொம்போடு பின்னாலேயே போனான். "நான் இன்னா ரேஸ் குதிரையாடா?" என்று அவனுக்குத் திட்டு விழுந்தது.

நான்காவது மாதம் மல்லாட்டை அறுவடை. வலி குறைந்திருந்ததால் பச்சையம்மா ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தை மறந்து உட்கார்ந்து ஆய்ந்துவிட்டார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. மகனைக் கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவன் நல்லவேளையாக எங்களிடம் வந்தான். அவர் மறுபடி ஆயப் போன அன்று நான் பஸ் ஏறி அவர்கள் மல்லாட்டைக் கொல்லைக்கே போய் ஒரு அலாரம் டைம்பீஸை வரப்பில் வைத்துவிட்டு வந்தேன். ஏழுமலை முள்ளைத் திருப்பித் திருப்பி வைக்க, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும். அடித்தால் பச்சையம்மா எழுந்து பத்தடி நடந்து வர வேண்டும். முதல் நாள் மற்ற பெண்கள் கேலி செய்தார்களாம், "இன்னாக்கா, பள்ளிக்கூடம் வுட்டாச்சா?" என்று. மூன்றாம் நாள் மணி அடித்ததும் கூட்டமே எழுந்து இடுப்பை நிமிர்த்தியது. குப்பு உட்பட.

எல்லோருக்கும் இப்படி நடந்தது என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் இரண்டாவது வாரமே வேறு டாக்டரிடம் போனார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சைதான் வழியாக இருந்தது. முட்டி வீங்கிச் சூடாக வருபவர்களுக்கு, வயிறும் சிறுநீரகமும் சரியாக இருந்தால், டாக்டர் அம்மாவே ஐந்து நாள் மாத்திரை எழுதுவார். மாத்திரை விஷம் இல்லை. யோசிக்காமல் நீளும் கைதான் விஷம். அந்த நாளில் ஊர் எனக்கு 'மாத்திரை தராத கம்பவுண்டர்' என்று பெயர் வைத்தது. கறிகாய்ப் பையோடு தெருவில் வந்தால்கூட, "வெண்டைக்காயாவது குடுப்பியா, இல்ல அதுவும் நோட்டுல எழுதிக்கோன்னு சொல்வியா?" என்று என்னையே கேட்பார்கள்.

பத்து மாதத்தில் பச்சையம்மாவின் நடை இருபத்தைந்து நிமிஷத்துக்கு வந்தது. மலையைச் சுற்ற பதினான்கு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தால் முடியும் என்று டாக்டர் அம்மா கணக்குப் போட்டார். பச்சையம்மா தலையை ஆட்டினார்.

"எங்க வகையறால சூடம் ஏத்திட்டு காலெடுத்து வெச்சா திரும்பி வர்ற வரைக்கும் வழியில உக்காரக் கூடாதும்மா."

"நெறமாசக்காரி மாதிரி மெதுவா நடக்கணும்னுதானே மலை சுத்தறவங்களுக்கு சொல்லியிருக்கு? நெறமாசக்காரி உக்காராமயா போவா?"

"நான் மூணு பெத்தவ. நெறமாசத்துல நாத்து நட்டேன். உக்காரலையே!"

டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். சட்டமும் சம்பிரதாயமும் மோதிக்கொண்டன. உட்காராமல் போனால் முட்டி தாங்காது, தாங்காவிட்டால் சிவப்பு மாத்திரை.

மறு செவ்வாய் பச்சையம்மாவே சிரித்துக்கொண்டு வந்தார். "எங்க ஊரு பூசாரிய கேட்டுட்டேன். களைச்சுப் போய் உக்காந்தாதான் தப்பாம். சாமி கும்புட உக்காந்தா அது உக்கார்ற கணக்குல வராதாம்."

இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு சாமி கிடைக்குமா என்று பார்க்க, ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையைச் சுற்றினேன். எட்டு லிங்கமும் ஒரே தூரத்தில் இல்லை. சிலது கிட்ட, சிலது எட்ட. நடுவில் எங்கெங்கே பிள்ளையார், நந்தி, அம்மன் என்று எல்லாவற்றையும் குறித்தேன். நிருதி லிங்கம் தாண்டிய நீளமான ரோட்டில் ஒரு இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஒரு மைல்கல்தான் இருந்தது. இறங்கிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு யாரோ அதற்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். போதும் என்று குறித்துக்கொண்டேன்.

மார்கழிப் பௌர்ணமி அந்த வருஷம் காலையிலேயே பிறந்தது. ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. முந்தின நாள் டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "நீ கூடப் போ. டைம்பீஸ எடுத்துக்கோ. மாத்திரை எதுவும் எடுத்துட்டுப் போகாத. கையில இருந்தா நீ குடுத்துடுவ." என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றினார்கள். வகையறாவில் பத்துப் பன்னிரண்டு பேர். குப்பு முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள். "அக்கா, எமலிங்கத்துல ஆட்டோ சொல்லி வெக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பச்சையம்மா, ஏழுமலை, நான், டைம்பீஸ் என்று நாங்கள் நாலு பேர் பின்னால் நடந்தோம்.

மணி அடித்தால் கும்பிடுவோம். கண்ணை மூடி, தாடை தளர்த்தி, மூச்சு விட்டு, பிறகு வலிக்கு எண். இந்திரலிங்கத்தில் இரண்டு, அக்கினிலிங்கத்தில் மூன்று, எமலிங்கத்தில் நான்கு. எமலிங்கத்தில் எழுந்தபோது பச்சையம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னா எமா, வேணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டினார். மைல்கல்லின் முன்னால் நாங்கள் பயபக்தியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வெளியூர்க்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுக் கும்பிட்டார். நாங்கள் எழுந்து போகும்போது இரண்டு பெண்கள் அதற்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாவம் என் கணக்கில்தான் இருக்கும்.

வாயுலிங்கம் வரை ஐந்தைத் தாண்டவில்லை. உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாமிக்குப் படைத்துவிட்டு அங்கே சாப்பிட்டோம். அதற்குப் பிறகு வெயில் ஏறியது, தார் சுட்டது. குபேரலிங்கத்தில் பச்சையம்மா உட்காரவில்லை, விழுந்தார். முகமெல்லாம் வேர்வை.

"எவ்ளோம்மா?"

"ஒம்போது. என்னால ஆவாது தம்பி. டேய் ஏழுமலை, அதோ மெடிக்கல் கீது பாரு. ஒரு செவப்பு மாத்திரை வாங்கியா. ஒண்ணே ஒண்ணு. சாவ மாட்டேன்."

ஏழுமலை ஓடக் கிளம்பினான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். தையல் விட்டது, நான் கையை விடவில்லை. இன்னொரு கை தானாக என் சட்டைப் பைக்குப் போயிருந்தது. காலிப் பை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. வகுப்பில் கேட்கும் கேள்வியையே கேட்டேன். "மனசுல இன்னாம்மா ஓடுது?"

"இன்னா ஓடும்? குப்பு அங்க உக்காந்துக்கிட்டு இருப்பா. நான் ஆட்டோல போய் எறங்குவேன். சிரிப்பா. ஊருக்குப் போய் இன்னும் ஜாஸ்தி சேத்து சொல்வா."

"சரி. இந்த ஒம்போதுல முட்டி எவ்ளோ, குப்பு எவ்ளோ?"

அவர் என்னை முறைத்தார். பிறகு முட்டியைப் பார்த்தார். அதைத் தடவிக்கொண்டே நிஜமாகவே கணக்குப் போட்டார்.

"முட்டி ஆறு. குப்பு மூணு."

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழுமலை சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ பைத்தியங்கள் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"ஆறோட எத்தனையோ நாள் மல்லாட்டை ஆஞ்சிருக்கேனே" என்றார் பச்சையம்மா. காலை நீட்டித் துண்டைச் சுருட்டி வைத்தார். அழுத்தி ஐந்து எண்ணினோம், பத்துத் தடவை. ஈரத்துணியைப் பாதத்தில் சுற்றினோம். இருபத்தைந்து நிமிஷ நடையைப் பத்தாகக் குறைத்தேன். மெடிக்கல் கடைக்கு எதிரே நடந்து போகும்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழுமலைதான் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஈசானியலிங்கம் தாண்டி, மறுபடி கோபுரத்தடிக்கு வந்தபோது மணி நான்காகப் போகிறது. பச்சையம்மா கைகூப்பிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். குப்பு இல்லை, வகையறாவில் ஒருவரும் இல்லை. மதியப் பஸ்ஸுக்கே போய்விட்டார்கள் என்று பூக்காரம்மா சொன்னாள். பத்து மாதம் யாருக்காக நடந்தாரோ அவளே பார்க்கவில்லை. ஆனாலும் நோட்டை எடுத்தேன். அதுதானே என் வேலை.

"எவ்ளோம்மா?"

"முட்டி ஆறு."

"குப்பு?"

"அவ எப்பவோ எறங்கிட்டா தம்பி."

அரை மணி உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். நாங்கள் உள்ளே நுழையவும் கீழ்பென்னாத்தூர் பஸ் நகர ஆரம்பித்தது. ஏழுமலை பதறி, "அம்மா, சீக்கிரம் வா, ஓடியா, வுட்டா ஒரு மணி நேரம் கெடையாது!" என்று கத்தினான். பச்சையம்மா அவசரப்படவில்லை. நடுவில் நின்று டிரைவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"நான் ஓடி வர மாட்டேன். நடந்துதான் வருவேன். நீ நில்லு."

பஸ் நின்றது.